நாற்பது எம்பி பாட்டு

இப்போதுதானே நடுங்கி ஓய்ந்தது, அதற்குள் மறுபடியுமா? நயினார் வலது உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கைக்குள் இருந்த பாட்டுப் பெட்டி சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும், முதுகெல்லாம் கீறல் விழுந்த பழைய சாமான். அது விர்ரென்று ஒரு தடவை நடுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அடங்கிக்கொண்டது. காதில் செருகிய இயர்போனில் பாட்டு போய்க்கொண்டுதான் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை, நடுக்கத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இடது கை பலகை மேல் நீட்டிக் கிடந்தது. அதில் இரண்டு ஊசி, இரண்டு குழாய். ஒன்றில் ரத்தம் போகிறது, மற்றதில் சுத்தமாகித் திரும்பி வருகிறது. பதினொன்று பத்துக்கு மாட்டினார்கள், மூன்று பத்துக்குக் கழற்றுவார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், சிறுநீரகம் செய்யாமல் விட்ட வேலையை இந்த மிஷின் செய்கிறது, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறவர் அவர். எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தொன்று. வழக்கமாக இந்தப் பெட்டி அரை மணிக்கு ஒரு தடவைதான் நடுங்கும். இன்றைக்குப் பதினோரு நிமிஷத்தில் இது நாலாவது. தப்பாக எண்ணியிருப்போமோ, ஊசி குத்தும்போது கை உதறியதே, அதையும் சேர்த்துவிட்டோமோ. இல்லை. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டினவருக்கு எந்த நடுக்கம் வண்டியுடையது, எது தன்னுடையது என்று தெரியாமல் போகுமா? வண்டியுடையதுதான். மூன்று நிமிஷத்துக்கு ஒன்று. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

தெரியாமலே இருந்திருக்கலாம். எல்லாம் மரியசூசை சொல்லிக்கொடுத்தது. பக்கத்துக் கட்டில், எட்டாம் நம்பர். பாளையங்கோட்டையில் செல்போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்த்தவர், நயினாரை விடப் பதினைந்து வயது இளையவர், அண்ணாச்சி அண்ணாச்சி என்று நாலு மணி நேரமும் வாய் மூடாதவர். உள்ளே செல்லை எடுத்து வரக் கூடாது, வெளியே கூட வந்தவர்களிடம் கொடுத்துவிட வேண்டும், அதனால் பொழுது போகாமல் கிடக்கிறாரே என்று தன் கடையில் கிடந்த இந்தப் பெட்டியில் ஆயிரத்து இருநூறு பாட்டை ஏற்றிக்கொண்டு வந்து கையில் வைத்தார். ஒரு டிரைவருக்கு எஞ்சின் தெரியாமல் வண்டியைக் கொடுக்கலாமா என்று அதன் வயிற்றுக்குள் இருப்பதையும் விளக்கினார். "உள்ள ஒரு தட்டு இருக்கு அண்ணாச்சி. பாட்டு பூரா அதுலதான். ஆனா அது எப்பவும் சுத்தாது. சுத்துனா பேட்டரியக் குடிச்சிரும். அதனால ஒரே சுத்துல எட்டுப் பாட்ட மொத்தமா அள்ளி பக்கத்துல ஒரு சின்ன அறையில போட்டுட்டு, தட்டு படுத்துத் தூங்கிரும். எட்டும் தீந்தப்புறம்தான் முழிக்கும், அப்ப கையில விர்ருங்கும். பாட்டு எம்பி3யா இருந்தாத்தான் இந்த சௌகரியம். அமுக்கி அமுக்கிச் சின்னதாக்குன பாட்டு. ஒண்ணு நாலே எம்பி. பெரிய ஃபைலுன்னு வைங்க, அந்த அறையில ஒண்ணுகூடக் கொள்ளாது. தட்டு முழிச்சுக்கிட்டே கெடக்கும். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு எடுக்க டவுன் பஸ்ஸு என்ன டீசல் குடிக்கும், உங்களுக்குத் தெரியாததா?" தெரியும். நின்று நின்று எடுத்தால் பாதி டீசல் கிளப்புவதற்கே போய்விடும். அன்றைக்குச் சிரித்தார். இடது கையில் ஊசி போடுவதற்கென்று ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த இடத்தில் தொட்டால் எப்போதும் ஒரு குறுகுறுப்பு இருக்கும், வலது கையில் இந்தப் பெட்டியின் குறுகுறுப்பு. "ஒரு கையில ஒரு வண்டு, மறு கையில ஒரு வண்டு, நல்லா மாட்டுனீங்க" என்று மரியசூசையும் சிரித்தார்.

ஐந்தாவது நடுக்கம். பதினொன்று இருபத்துநாலு. மாப்பிள்ளை, மாப்பிள்ளை, என்ன காரியம் செய்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நயினார் கண் அசந்திருந்தபோது மாப்பிள்ளை பூதலிங்கம் இந்தப் பெட்டியை எடுத்துப் போயிருக்கிறார். மகள் கோமதியின் புருஷன், அரிசி ஆலையில் மேற்பார்வை, ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்ட மனுஷன் சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். "மாமா, பாட்டெல்லாம் ரொம்பச் சின்ன ஃபைலா கெடந்துச்சு. எல்லாத்தையும் வேவ் ஃபைலா மாத்திட்டேன். நாலு எம்பியா இருந்த பாட்டு இப்ப நாப்பது எம்பி. இனிமே கேட்டுப் பாருங்க, எப்படி இருக்குன்னு." நாலு நாற்பதானால் பத்து மடங்கு நல்லது என்று ஆலைக்காரர் கணக்கு. சின்னதாக்கும்போது போனது போனதுதான், வடித்த சோற்றை மறுபடி அரிசியாக்க முடியாது என்று மரியசூசை சொன்னது நயினாருக்கு அந்த நிமிஷமே ஞாபகம் வந்தது. வாய் வரைக்கும் வந்தது. வாயிலிருந்து என்ன வந்தது? "பிரமாதம் மாப்பிள்ளை." இவ்வளவுதான் வந்தது. கூடவே, "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று ஒரு உபசாரம் வேறு. சொல்ல முடியுமா? மகளைக் கொடுத்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறவன் மாப்பிள்ளை செய்ததைத் தப்பு என்பானா? மனைவி போன பிறகு கோமதி கூட்டிக்கொண்டு வந்த அன்றே அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. ஏழு வருஷமாக அந்த வீட்டில் அவருக்கு எதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. உப்பு கூடினாலும் நன்றாக இருக்கிறது, ஃபேன் ஓடாவிட்டாலும் நன்றாக இருக்கிறது. டிப்போவில் இவர் வாய்க்குப் பயந்து கண்டக்டர்கள் டூட்டி மாற்றிக் கேட்டார்கள் என்று சொன்னால் மாப்பிள்ளை நம்பவே மாட்டார். இன்னொன்றும் இருந்தது. பேட்டரி நாலு மணி நேரம் கண்டிப்பாக வந்தாக வேண்டும் என்று சொன்னால், வராவிட்டால் என்ன மாமா, கொஞ்ச நேரம் சும்மா படுத்திருங்களேன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அந்தப் பதிலை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது. எண்ணாதே. எண்ணினால் குறையவா போகிறது. பழைய பேட்டரி, சின்னப் பாட்டுக்கு ஆறு மணி நேரம் தாங்கிக்கொண்டிருந்தது, பெரிய பாட்டுக்கு எவ்வளவு தாங்கும், பாதியா? பாதி என்றால் மூன்று மணி நேரம். இரண்டு பத்து. அப்புறம் ஒரு மணி நேரம் வெறும் காது. வேண்டாம், அதை நினைக்காதே. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சனிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி, எடை பார்த்தபோது மூன்றரை கிலோ கூடியிருந்தது, அத்தனையும் தண்ணீர். அத்தனையும் இந்த நாலு மணி நேரத்தில் இறங்கியாக வேண்டும். மரியசூசை போன பிறகு முதல் இரண்டு தடவை நயினார் பெட்டியை எடுத்து வரவில்லை. செத்தவர் கொடுத்த சாமான், தொடக் கை வரவில்லை. வெறும் காதோடு படுத்தார். இரண்டு தடவையும் ஒன்றரை மணி நேரத்தில், கழற்றி விடுங்க, கால் புடிச்சு இழுக்குது, தாங்க முடியல என்று பொய் சொல்லி எழுந்து போய்விட்டார். மறுநாள் விடிவதற்குள் படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. டாக்டர் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை, அவர் அமைதியாகச் சொன்னார். "இன்னொரு தடவை பாதியில எழுந்தீங்கன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். அடுத்த தடவை நீங்க நடந்து வர மாட்டீங்க. வருவீங்களாங்கிறதும் எனக்குத் தெரியாது." அதற்கப்புறம்தான் பெட்டியை எடுத்தார். காதை அடைத்துக்கொண்டார். ஆறு தடவை முழுசாக நாலு மணி நேரம். பாட்டு ஓடுகிற வரைக்கும் படுத்திருப்பார், பாட்டு நின்றால் எழுந்துவிடுவார், எழுந்தால் செத்துவிடுவார். கணக்கு அவ்வளவு சுருக்கமாகத்தான் இருந்தது.

ஒரு தடவை பார்த்துவிடலாமா? பேட்டரியின் நாலு கட்டத்தில் எத்தனை மிச்சம் என்று. பார்க்க வேண்டுமானால் பொத்தானை அமுக்க வேண்டும், அமுக்கினால் திரை வெளிச்சம் எரியும், வெளிச்சமும் பேட்டரியைத்தான் தின்னும். எவ்வளவு தின்றுவிடும், அரை நிமிஷமா, ஒரு நிமிஷமா? அந்த ஒரு நிமிஷம் கடைசியில் வேண்டியிருக்குமே. பார்க்காதே. பார்க்காமல் இருந்தால் நாலும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். சத்தத்தைக் குறைத்தால் மிச்சமாகும், குறைத்தார். குறைத்ததும் பாட்டுக்குப் பின்னாலிருந்து மிஷினின் உறுமல் கேட்டது, பதறிக் கூட்டினார். இந்தப் பாட்டு பிடிக்கவில்லை, யாரோ அழுகிறார்கள், தள்ளிவிடலாம் என்று விரல் போனது. தள்ளினால் தட்டு முழிக்கும். அழட்டும். முன்னெல்லாம் மலைப்பாதையில் டீசல் முள் சிவப்புக்குப் போன பிறகும் டிப்போ வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார், இறக்கத்தில் மிதிக்காமல், வளைவில் வேகத்தை விடாமல், வண்டியைத் தாஜா பண்ணித் தாஜா பண்ணி. அப்போது கையில் ஸ்டியரிங் இருந்தது. பின்னால் அறுபது பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள். எப்படித்தான் தூங்குகிறார்களோ என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அதலபாதாளம், ஓட்டுகிறவன் யார் என்றுகூடத் தெரியாது, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்களே. அவரால் பயணியாக உட்கார முடியாது. கல்யாண வேனில்கூட டிரைவர் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். இங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. ரத்தம் முழுக்க வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருகிறது, ஓட்டுகிறது ஒரு மிஷின், அது எந்த வளைவில் எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்.

சிஸ்டர் ஜெபராணி வந்து வலது கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். வாய் அசைந்தது. அவர் இயர்போனை ஒரு காதில் மட்டும் விலக்கினார். "கூடக் காட்டுதே ஐயா. ஏதாவது நெனச்சுக்கிட்டுக் கெடக்கீங்களா?" "ஒண்ணும் இல்லம்மா, பாட்டுதான் கேக்கேன்" என்று சிரித்தார். "உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எங்களுக்கு என்ன கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு காது திறந்திருந்த நேரத்துக்குள் தூரத்தில் ஏதோ ஒரு மிஷின் டிட் டிட் டிட் என்று கூப்பிட்டது. அவர் அவசரமாகக் காதை அடைத்துக்கொண்டார். அடைத்த பிறகும் கேட்டது. உள்ளே கேட்டது. அன்றைக்கும் இதே சத்தம்தான். அன்றைக்கு மரியசூசை என்னவோ சொல்ல வாயெடுத்தார், இவர் மரியாதைக்காகக் காதில் இருந்ததை எடுத்துவிட்டுத் திரும்பினார். "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரி நேத்து என்ன சொன்னான்னா..." அவ்வளவுதான். அவருடைய வீட்டுக்காரி என்ன சொன்னாள் என்று இதுவரைக்கும் தெரியாது. சொல்லிக்கொண்டே இருந்த மனுஷனின் கண் இவரைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. மிஷின் மட்டும் டிட் டிட் என்றது. அவர் யோசித்துக்கொண்டிருக்கிறாராக்கும் என்று இவர் இரண்டு விநாடி காத்திருந்தார். அந்த இரண்டு விநாடிதான் இப்போதும் போகாமல் கிடக்கிறது. ஒருவன் செத்தபின் அவன் பேச்சை முடிப்பான் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அப்புறம் ஓடி வந்தார்கள், துணி மறைப்பை இழுத்தார்கள், மறைப்புக்கு அந்தப் பக்கம் நெஞ்சை அமுக்கினார்கள், கட்டில் கிறீச் கிறீச் என்றது. இவர் கையில் ஊசியோடு கிடந்தார். எழுந்து போக முடியாது, திரும்பிக்கொள்ளவும் முடியாது. காதில் இருந்ததை மறுபடி செருகிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கடைசிவரைக்கும் கேட்டார்.

ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையாவது நடுக்கம் என்று தெரியவில்லை, நாற்பதோ, நாற்பத்திரண்டோ. நடுக்கம் முன்பை விடப் பலவீனமாக இருக்கிறதா? மேட்டில் திணறுகிற வண்டி மாதிரி இழுக்கிறதா? எட்டாம் நம்பரில் இப்போது ஒரு அம்மாள், சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். தலைப்பு மூச்சுக்கு அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார், அசைந்தது. ஏன் பார்க்கிறோம்? பார்க்காவிட்டால் நின்றுவிடுமா? தன் நெஞ்சைக் கவனித்தார். ஓடுகிறது. வேகமாக ஓடுகிறதோ? கவனித்ததால் வேகமா, வேகமாக ஓடுவதால் கவனிக்கிறோமா? வாய் வறண்டது. தண்ணீர் கேட்கக் கூடாது. சார்ஜ் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு பளிச்சென்று வந்தது. வந்த வேகத்திலேயே போனது. இங்கே இருக்கிற பிளக்கெல்லாம் மிஷினுக்கு, மற்றதை மாட்ட விடமாட்டார்கள். தவிர இந்தப் பெட்டி சார்ஜ் ஏறும்போது பாடாது, அதையும் மரியசூசை சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் தாங்காமல் பொத்தானை அமுக்கினார். ஒரே கட்டம், அதுவும் சிவப்பு. வெளிச்சம் அணைய எட்டு விநாடி ஆனது. எட்டும் வீண். ஏன் அமுக்கினாய், கிறுக்குப் பயலே, ஏன் அமுக்கினாய்.

இரண்டு இருபதுக்கு, ஒரு பாட்டின் நடுவில், ஒருத்தி ஒரு வார்த்தையைப் பாதியில் இழுத்துக்கொண்டிருக்கும்போது, நின்றது. தட்டு ஒரு தடவை எழப் பார்த்தது. கையில் சின்ன உதறல், அவ்வளவுதான். இவர் பொத்தானை அமுக்கினார், திரும்ப அமுக்கினார், திரை கறுப்பாகவே இருந்தது. இன்னும் ஐம்பது நிமிஷம். காதுக்குள் செருகியது அப்படியே இருக்கட்டும், பஞ்சாகவாவது இருக்கும் என்று நினைத்தார். பஞ்சாக இல்லை. ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. மிஷினின் உருளை உரசுகிற சத்தம். யாரோ இருமுவது. சக்கர வண்டி. செருப்பு. ஏழெட்டு மிஷின்களின் உறுமல், எது யாருடையது என்று பிரிக்க முடியாமல். அதற்குள்ளே எப்போது வேண்டுமானாலும் அது வரும், டிட் டிட் என்று வரும், அம்மாளுடையதாக இருக்கும், அல்லது இவருடையதாக இருக்கும், இந்தப் பக்கம் யாராவது முகத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு விநாடி காத்திருப்பார்கள். வந்துவிட்டது. டிட் டிட் டிட். காதுக்குப் பக்கத்தில். இவருடைய மிஷின்தான். நயினார் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே தெரியாது. ஜெபராணி ஓடி வந்து, "கைய மடக்கிட்டீங்க ஐயா, குழாய் நசுங்குது, நீட்டுங்க, ஒண்ணும் இல்ல" என்று ஒரு பொத்தானை அமுக்கினாள். சத்தம் நின்றது. பயம் நிற்கவில்லை. "கழத்தும்மா" என்றார். "அம்பது நிமிசந்தான் ஐயா, டாக்டர் என்ன சொன்னாங்க..." "கழத்துங்கேன்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பாதியில் கழற்ற வேண்டுமென்றால் கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும், அது ஆஸ்பத்திரிச் சட்டம். தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மாப்பிள்ளையைக் கூட்டி வரப் போகிறாள். முதல் இரண்டு தடவையும் அவர்தான் கையெழுத்துப் போட்டார், காரணம் என்ற இடத்தில் கால் இழுப்பு என்று குண்டு குண்டாக எழுதி.

பூதலிங்கம் காலில் பச்சை உறையை மாட்டிக்கொண்டு, தாளும் பேனாவுமாக வந்து கட்டிலோரம் நின்றார். ஆலைத் தவிடு சட்டைக் காலரில் அப்படியே இருந்தது. ராத்திரி ஷிஃப்டை முடித்துவிட்டு அப்படியே இவரைக் கூட்டி வந்திருக்கிறார், வீட்டுக்குள்கூட நுழையவில்லை, மூன்று மணி நேரமாக வெளியே பெஞ்சில் இருந்திருக்கிறார்.

"கால் இழுக்கா மாமா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பேனா திறந்தே இருந்தது. ஆமாம் என்று சொல்லத்தான் நயினார் வாயைத் திறந்தார்.

"பயமா இருக்கு மாப்பிள்ளை."

சொன்ன பிறகு அது தன் குரல்தானா என்று இருந்தது. மாப்பிள்ளைக்குப் புரியவில்லை போலிருக்கிறது, காலைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். "எதுக்கு மாமா?"

"இதுக்குத்தான். இங்க கெடக்கதுக்கு. சத்தத்துக்கு. பாட்டு ஓடுனா கெடந்துருவேன். பாட்டு நின்னுட்டு."

"நாலு மணி நேரம் வருமே?"

"முன்ன வரும்." நயினார் கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க மாத்துனீங்கள்லா, அதுல வரல. பெரிய பாட்டுக்குப் பேட்டரி பத்தாது. அன்னைக்கே தெரியும். சொல்லல."

 கண்ணைத் திறந்தபோது மாப்பிள்ளை கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு விடைத்திருந்தது. கோபமா, அழுகையா என்று இந்த மனுஷன் முகத்தில் ஏழு வருஷமாக எதுவும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

"எத்தன நாளா மாமா இந்தப் பயம்?"

"முத நாள்லேருந்து."

ஜெபராணி, "சார், கையெழுத்து?" என்றாள். பூதலிங்கம் பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரித் தாள் என்று அவள் சொல்லப் போனவள், சொல்லாமல் விட்டாள். அவர் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார். "போட மாட்டேன்" என்றார்.

"மாப்பிள்ளை, என்னால முடியாது. சத்தியமா முடியாது. செத்துருவேன்."

"எந்திரிச்சாத்தான் மாமா செத்துருவீங்க." இதைச் சொல்லும்போது அவருடைய உதடு கோணியது. "என்னைய ஏசுங்க."

"என்னது?"

"ஏசுங்க மாமா. ஏழு வருசமா எங்க வீட்ல ஒரு வார்த்த நீங்க குறை சொன்னதில்ல. ஆயிரத்து இருநூறு பாட்டையும் நாசம் பண்ணி வச்சிருக்கேன், அதுக்கும் பிரமாதம்னு சொன்னீங்க. கோமதி சொல்லுவா, எங்கப்பா டிப்போவுல வாயத் தொறந்தா பஸ்ஸே ஒதுங்கும்னு. அம்பது நிமிசம் இருக்கு. எதெது மனசுல இருக்கோ அம்புட்டையும் சொல்லி ஏசுங்க. நான் எங்கயும் போகல, இங்கனதான் இருக்கேன்."

நயினார் அவரையே பார்த்தார். பக்கத்தில் யாரோ ஒருவருடைய மிஷின் கூப்பிட ஆரம்பித்தது, டிட் டிட் டிட். முதுகெல்லாம் வேர்த்தது. கழற்று என்று தொண்டை வரைக்கும் வந்தது. மாப்பிள்ளை நகரவில்லை. காதில் செருகியிருந்த இரண்டையும் நயினார் பிடுங்கிப் போட்டார்.

"முதல்ல அந்த பைக்கு," என்றார்.  "வண்ணார்பேட்ட பாலத்துல ஏறும்போது நாலாவது கியர்லயே ஏன்வே இழுக்கீரு? எஞ்சின் கெடந்து கதறுது, காதுல விழலையா உமக்கு? பின்னால உக்காந்து உக்காந்து என் உசுரு போகுது. இன்டிகேட்டர் போடுதீரு, அணைக்க மாட்டீரு. எவன்வே உமக்கு லைசென்ஸு குடுத்தான்?"

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் மாப்பிள்ளையை, டிப்போவில் கண்டக்டர்களை அதட்டுகிற மாதிரி, 'வே' என்றார். வலது கை மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. கடிகாரத்தில் இரண்டு முப்பது. இன்னும் நாற்பது நிமிஷம்.

பூதலிங்கம் தலையை ஆட்டினார். கண்ணில் நீர் கோத்திருந்தது, துடைக்கவில்லை.

"சரி மாமா," என்றார். "அப்புறம்?"